பயத்துக்கும் ஒரு மதிப்பெண்

வெளிநாட்டில் கோல்ஃப் ஆடும் மருமகனின் ஸ்கோர் கார்டில் '71.8 / 132' என்று அச்சாகியிருப்பது என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் எண் கோர்ஸ் ரேட்டிங்: ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) பூஜ்யமான 'ஸ்கிராட்ச்' ஆட்டக்காரர் அங்கே சாதாரணமாக எத்தனை அடியில் முடிப்பார் என்ற கணக்கு. இரண்டாவது ஸ்லோப். அதை மைதானத்தின் கடினம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கைதேர்ந்தவரைவிடச் சுமாரானவர் அங்கே எவ்வளவு அதிகமாகத் திணறுவார் என்பதுதான் அது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுநர் வெற்றிலை மென்றபடி வண்டியைத் திருப்புகிறார். பின்னால் காரில் போகும் எனக்கு ஸ்டியரிங் வியர்வையில் வழுக்குகிறது. நாமக்கல் நெடுஞ்சாலையில் எங்களுக்குள் இத்தனை வித்தியாசம் இல்லை. ஸ்லோப் அளப்பது இந்த வித்தியாசத்தை.

1970களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டீன் கனூத் வகுக்கத் தொடங்கிய முறை இது. ஸ்லோப் 55 முதல் 155 வரை போகும், நடுத்தரம் 113. ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 20 உள்ளவருக்கு 132 ஸ்லோப்பில் 20 × 132 ÷ 113, அதாவது 23 அடி சலுகை. பார், அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை, அதற்கான திருத்தம் தனி.

மதிப்பிடுவோர் இரண்டு ஆட்டக்காரர்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆண்களில் ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் 250 கஜம் அடிப்பார். ஹேண்டிகேப் 20 அளவிலுள்ள 'போகி' ஆட்டக்காரர் 200 கஜம். முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து 190 கஜத்துக்கு அப்பால்தான் கரை என்று ஒரு குளம் இருந்தால், முன்னவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். பின்னவருக்குத் தண்ணீரில் கண்டம்.

மேடுபள்ளம், மணல்குழி, மரம், குழியைச் சுற்றியுள்ள கிரீனின் வளைவு என்று இடையூறுகள் பத்து. என்னைக் கவர்ந்தது பத்தாவது: மனம். இதற்கு யாரும் தோன்றியபடி மதிப்பெண் போடுவதில்லை. மற்ற இடையூறுகளுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, பெரிய எண்கள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்பதிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறார்கள். ஆபத்துகள் நெருக்கியடித்து நின்றால் கை நடுங்கும், நடுக்கம் அடியைக் கூட்டும் என்று ஒப்புக்கொண்ட விதிமுறை இது!

இவ்வளவு கரிசனத்தோடு பிறந்த எண்ணைச் சிலர் ஜம்பத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். 'எங்கள் கிளப் 140' என்று மார்தட்டுவதும், ஊரார் பார்க்கக் ஆகப் பின்னாலுள்ள டீயில் போய் நிற்பதும் எதற்கு? ஒவ்வொரு டீக்கும் தனித்தனி ரேட்டிங் உண்டு. முன் டீயில் ஆடினாலும் கணக்கு நேர்மையாகவே வரும். பந்தும் அதிகம் தொலையாது, பின்னால் வருகிறவர்களும் காத்துக் கிடக்க வேண்டாம்.