கல்லை வாசித்தல்: லாகீஸ் சிற்பங்கள்

தொல்பொருள் ஒன்றைச் சுட்டி, "வேதம் மெய்யென்பதற்கு இதோ சான்று" எனப் பிரசங்கிப்பது எளிது. ஆனால் திருமறைப் பகுதியை ஆராயும்போது நாம் காட்டும் பொறுமை கல்லுக்கும் உரியது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள லாகீஸ் புடைப்புச் சிற்பங்களைக் கருதுவோம். கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததை இவை சித்திரிக்கின்றன (2 இராஜாக்கள் 18:13, 14). நினிவேயில் அவனுடைய அரண்மனைச் சுவரை அணிசெய்த இவற்றை 19-ஆம் நூற்றாண்டில் லேயார்டு அகழ்ந்தெடுத்தார்.

விளக்கக் குறிப்பை வாசிக்குமுன் சிற்பத்தையே பார்க்கவேண்டும்; நேரில் காண இயலாதோர் நல்ல நிழற்படத்தைக் கொண்டும் பழகலாம். முற்றுகை மேடுகள், மதிலை இடிக்கும் பொறிகள், கழுவேற்றப்பட்ட மனிதர், மாட்டுவண்டியில் மூட்டைகள்மேல் அமர்ந்த பெண்களும் பிள்ளைகளும், முடிவில் சிங்காசனத்தில் அரசன். அவன் முகம் சிதைந்துள்ளது, கி.மு. 612-இல் நினிவே வீழ்ந்தபோது பகைவர் சிதைத்ததென அறிஞர் கருதுவர்.

அடுத்து, இதைச் செதுக்குவித்தவன் யார், எதற்காக எனக் கேட்கவேண்டும். வென்றவன் தன் புகழுக்காகச் செய்வித்தது இது. ஆகவே அவன் சொல்லாததும் பொருளுடையது. அவனுடைய கல்வெட்டுகள் எசேக்கியாவை எருசலேமில் அடைத்துவைத்ததாகக் கூறுகின்றன. நகரைப் பிடித்ததாகக் கூறவில்லை.

எருசலேம் தப்பியதை நாம் மகிழ்ந்து பிரசங்கிக்கிறோம். லாகீஸ் தப்பவில்லை. அரணான பட்டணங்கள் பிடிபட்டன என்னும் ஒரே வசனத்துக்குள் அதன் துயரம் அடங்கிவிடுகிறது. வண்டியிலிருக்கும் அப்பிள்ளைகளைக் கண்டபின் அவ்வசனத்தை விரைந்து கடந்துசெல்ல நம்மால் இயலுமோ?