மலைச்சரிவில் நிற்கும் பாடம்

கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? அங்குள்ள போ தேயிலை மையத்தின் காட்சி மேடை, மலையை விட்டு வெளியே நீண்டு நிற்கிறது. அதன் கீழே பச்சைச் சரிவு.

இது விழாமல் நிற்பது எப்படி? ஓர் அடிக்கோலை மேசை விளிம்பில் வைத்து மெல்ல வெளியே தள்ளுங்கள். பாதியைத் தாண்டியதும் சாயும். மேசைமேல் உள்ள முனையைக் கையால் அழுத்தினால் சாயாது. இயற்பியலில் இதைத் திருப்புத்திறனின் சமநிலை என்கிறோம். காட்சி மேடைக்கும் இதே விதிதான். வெளியே நீளும் விட்டத்தின் மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் அமுங்கும். எஃகு இரண்டையும் தாங்கும்.

விட்டத்தின் தடிமனைக் கணக்கிடுபவர் பொறியாளர். ஆனால், “மக்கள் இந்த இடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும்” என்று முடிவெடுப்பவர் கட்டடக் கலைஞர். இந்த மையத்தை வடிவமைத்தது ஸெட்.எல்.ஜி. டிசைன் என்ற மலேசிய நிறுவனம். மரத்துண்டுகளை அடுக்கியே சில தடுப்புகளை அமைத்திருக்கிறார்கள். இடுக்குகளின் வழியே வெளிச்சம் உள்ளே வருகிறது.

வழக்கறிஞர் மாறிய கதை

இத்தொழிலை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? இலங்கையின் ஜெஃப்ரி பாவாவின் வாழ்க்கை ஒரு பதில். 1919இல் பிறந்த அவர் முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டை அருகே, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதை அழகிய பூங்காவாக மாற்ற ஆசைப்பட்டார். ஆசை இருந்தது, தொழில்நுட்ப அறிவு இல்லை. லண்டனுக்குச் சென்று படித்து, 38ஆம் வயதில் கட்டடக் கலைஞரானார். இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடம் அவர் வடிவமைத்ததே. தம்புள்ளை அருகே அவர் அமைத்த கந்தளம விடுதி, பாறைச்சரிவை ஒட்டி வளைந்து செல்கிறது. மனத்தில் கண்ட இடத்தை மண்ணில் நிற்க வைக்கும் ஆசையே அவரை இழுத்தது.

அழகு மட்டும் போதுமா?

போதாது. மலைச்சரிவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கினால் மண்ணின் எடை கூடும், பிடிப்புக் குறையும். வடிகாலை மறந்த கட்டடம் ஆபத்தானது. சரிவை எவ்வளவு வெட்டலாம், நீர் எந்த வழியில் ஓடும் என்பதை முதல் கோடு வரையும்போதே யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர் பலர் வாழ்ந்த லயன் வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். தகரக் கூரை வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சுக் கேட்காது. அங்கே வசிக்கப் போகிறவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரு குடும்பம் எப்படிச் சமைக்கும், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று கேட்டுவிட்டு வரைபவரே நல்ல கட்டடக் கலைஞர். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

எப்படிப் போவது?

எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் கவனம் செலுத்துங்கள். ஓவியப் பயிற்சி கைகொடுக்கும். பல்கலைக்கழக நுழைவுக்கான படிப்பை முடித்த பின், இளங்கலை, முதுகலை, வேலை அனுபவம், தொழில்முறைத் தேர்வு என்று பாதை நீளும். மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றில் இப்படிப்பு உண்டு. மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு செய்த பிறகே கட்டடக் கலைஞர் என்ற பெயருடன் தொழில் நடத்தலாம்.

இந்த வாரம் ஒரு பயிற்சி: அளவு நாடா ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டின் வரைபடத்தைத் தாளில் வரையுங்கள். காலை வெயில் எந்தச் சன்னல் வழியே வருகிறது, எந்த அறையில் காற்று நின்றுவிடுகிறது என்று குறியுங்கள். பிறகு ஒரே ஒரு சுவரை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்.