மத்தியஸ்தர் கவனக்குறைவாக இருந்தால் வழக்குத் தொடர முடியுமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்ப்பதற்கான மத்தியஸ்தச் சட்டம், 2023 செப்டம்பர் 14-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பேச்சை நடத்தியவரின் தவறால் நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்பது குறித்துக் குழப்பம் நீடிக்கிறது.

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வாரா?

சொல்ல மாட்டார். இரு தரப்பும் தாமே உடன்பாட்டுக்கு வர உதவுவதே அவர் வேலை. நீதிமன்ற சமரச மையங்களில் இவரைச் 'சமரசர்' என்பார்கள். தீர்வைத் திணிக்கவோ, உடன்பாடு நிச்சயம் என்று உறுதி கொடுக்கவோ சட்டம் அவரை அனுமதிக்கவில்லை.

அவரது கவனக்குறைவால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கோரலாமா?

பெரும்பாலும் முடியாது. நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக மத்தியஸ்தர் மீதும், மத்தியஸ்த சேவை நிறுவனங்கள் மீதும் சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் தொடர முடியாது என்கிறது பிரிவு 50.

கவனக்குறைவு எப்படி நல்லெண்ணம் ஆகும்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். மத்திய சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897-ம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டப்படி, நேர்மையாகச் செய்த செயல் கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தாலும் நல்லெண்ணச் செயலே. உதாரணமாக, கடை வாடகைத் தகராறில் ரூ.5 லட்சம் முன்பணம் திருப்பித் தரப்படும் என்று எழுதிவிட்டு, எந்தத் தேதிக்குள் என்பதை மத்தியஸ்தர் விட்டுவிடலாம். அதில் உள்நோக்கம் இல்லையென்றால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. உரிய கவனமின்றிச் செய்தது நல்லெண்ணம் ஆகாது என்னும் எதிரான விளக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. ஆனால் அது அந்தத் தண்டனைச் சட்டத்தின் குற்றங்களுக்கானது.

அப்படியானால் அவரைக் கேள்வி கேட்கவே வழியில்லையா?

உண்டு. ஒரு தரப்புடன் சொந்த, தொழில் அல்லது பணத் தொடர்பு இருந்தால் அதை அவர் எழுத்துமூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். லஞ்சம் வாங்கியவருக்கும், தெரிந்தே ஒரு தரப்பை ஏமாற்றியவருக்கும் பிரிவு 50 துணை நிற்காது. ஒழுக்க விதிகளை வகுக்கவும், மத்தியஸ்தரின் பதிவை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் இந்திய மத்தியஸ்த கவுன்சிலுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது.

பேச்சு ரகசியம் என்றால், தவறை எப்படி நிரூபிப்பது?

பேச்சில் சொன்ன யோசனை, வாக்குறுதி, மன்னிப்பு எல்லாமே ரகசியம். ஒலி, ஒளிப்பதிவுக்கும் தடை உண்டு. ஆனால் மத்தியஸ்தரின் தொழில்முறைத் தவறு பற்றிய புகாரை நிரூபிக்கவோ மறுக்கவோ தேவைப்படும் தகவலுக்கு விலக்கு இருக்கிறது.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எதிர்க்க எத்தனை நாள் அவகாசம்?

ஒப்பந்த நகல் கிடைத்ததிலிருந்து 90 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 90 நாள் வரை. மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், மத்தியஸ்தத்துக்கு ஏற்றதல்லாத தகராறு ஆகிய நான்கு காரணங்களுக்காக மட்டுமே எதிர்க்கலாம். மத்தியஸ்தரின் கவனக்குறைவு இதில் இல்லை.

வெளிநாட்டில் மத்தியஸ்தர் மீது வழக்கு வந்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் வந்திருக்கிறது. சகோதரிகள் இருவரின் சொத்துத் தகராறில், வரி ஆலோசனை பெறுவதற்கு முன்பே உடன்பாடு முடிக்கப்பட்டதாக ஒருவர் தன் வழக்கறிஞர்கள் மீது வழக்குத் தொடர்ந்தார். அவர்கள் மத்தியஸ்தரையும் அதில் சேர்த்தார்கள். தன் மீதான கோரிக்கையை விசாரணையின்றித் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மத்தியஸ்தர் கேட்டதை, விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்கவில்லை.

இந்தப் பிரிவுகள் எல்லாம் அமலுக்கு வந்துவிட்டனவா?

பிரிவு 50 உள்ளிட்ட சில பிரிவுகள் 2023 அக்டோபர் 9-ல் முதல் கட்டமாக அமலுக்கு வந்தன. ரகசியம், ஒப்பந்தத்தை எதிர்த்தல் ஆகியவை பற்றிய பிரிவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும் தேதியிலிருந்தே அவை செல்லும்.

கையெழுத்துக்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தொகை, கெடு தேதி, சொத்து என்றால் சர்வே எண், தவணை தவறினால் என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மத்தியஸ்தர் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் அல்ல என்பதால், வரைவைச் சொந்த வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கையெழுத்திடுவதே பாதுகாப்பானது.