எந்த ஸ்டார்ட்டர் பொருந்தும்?

1962 இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டுமா? எடை குறைந்ததாயிற்றே என்று இக்கால மோட்டாரை உடனே வாங்கிவிடாதீர்கள். இன்றைய கார்களில் பாட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். 1967 வரை எம்.ஜி.பி.யில் நேர்முனையே அவ்வாறு இணைந்திருந்தது.

அதனால் என்ன? பழைய மோட்டாரில் ஆர்மெச்சூரும் புலச்சுருளும் தொடராக இணைந்தவை. முனைகளை மாற்றினால் இரண்டிலும் மின்னோட்டத்தின் திசை மாறும். ஆகவே சுழலும் திசை மாறாது. புதியவற்றுள் பல நிலைக்காந்தம் கொண்டவை. அவற்றில் காந்தப்புலம் அப்படியே இருக்க, ஆர்மெச்சூரின் மின்னோட்டம் மட்டும் திசை மாறும். விளைவு? மோட்டார் எதிர்த்திசையில் சுழலும்; என்ஜின் கிளம்பாது!

எனவே காரின் ஆண்டு, பாட்டரியின் இணைப்பு, மோட்டாரின் காந்தவகை ஆகிய மூன்றையும் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.