டவர் இல்லாமலே சிக்னல்: செல்போனுக்குப் பரீட்சை வைக்கும் பெட்டி

ஒரே அறை, ஒரே நெட்வொர்க். ஒருவர் போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. இன்னொருவர் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே டவரைத்தான் திட்டுவோம். ஆனால் கோளாறு போனின் ‘காதில்’, அதாவது ரிசீவரில்கூட இருக்கலாம். போன் கடைக்கு வரும் முன்பே அந்தக் காதைச் சோதிக்க உதவும் கருவிதான் சிக்னல் ஜெனரேட்டர்.

டவர் சிக்னலை வைத்தே சோதிக்கலாமே?

சரிப்பட்டு வராது. டவர் சிக்னல் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். கூட்டம், குறுக்கே நிற்கும் சுவர், பக்கத்து டவரின் இரைச்சல் எல்லாமே அதைப் பாதிக்கும். போன் தப்பாகக் கேட்டதா, சிக்னலே தப்பாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. விடை தெரியாத கேள்வித்தாளை வைத்து மார்க் போட முடியுமா?

ஜெனரேட்டர் அனுப்பும் ஒவ்வொரு பிட்டும் முன்கூட்டியே தெரியும். உதாரணமாக, ‘பிஎன்9’ என்ற வரிசையில் 511 பிட்கள். பார்த்தால் தாறுமாறாக இருக்கும். ஆனால் 511 முடிந்ததும் அதே வரிசை அச்சு மாறாமல் திரும்ப வரும். போன் பெற்றதை இதோடு ஒப்பிட்டால் எத்தனை பிட் தப்பு என்பது தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

0, 1 என்ற பிட்கள் முதலில் ‘ஐ’, ‘க்யூ’ என்ற இரண்டு மின் அலைகளாக மாறுகின்றன. பிறகு அவை 1800 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலை மீது ஏற்றப்படுகின்றன. இதுதான் டிஜிட்டல் மாடுலேஷன்.

‘ஐ’, ‘க்யூ’ மதிப்புகளை வரைபடத்தில் குறித்தால் புள்ளிக் கோலம் மாதிரி தெரியும். ‘க்யூபிஎஸ்கே’ முறையில் 4 புள்ளிகள். ஒரு புள்ளி 2 பிட்களைச் சுமக்கும். ‘256 க்யூஏஎம்’ என்றால் 16க்கு 16 புள்ளிகள். ஒரு புள்ளியிலேயே 8 பிட்கள். வேகம் கூடும். ஆனால் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால், கொஞ்சம் விலகினாலும் பக்கத்துப் புள்ளி என்று போன் தப்பாகப் படித்துவிடும்.

இந்த விலகலுக்கும் கணக்கு உண்டு. 4ஜி டவர் கருவிகளுக்கான சர்வதேச விதிப்படி, 256 க்யூஏஎம் முறையில் விலகல் 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோதிக்கிற ஜெனரேட்டரின் விலகல் அதைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும். கேள்வித்தாளிலேயே அச்சுப்பிழை இருந்தால் மாணவரைக் குறை சொல்ல முடியாதே!

எவ்வளவு மெல்லிய சிக்னல்?

1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில், 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு, ‘மைனஸ் 94 டிபிஎம்’ அளவு சிக்னலிலும் சோதனைக்குரிய டேட்டாவில் 95 சதவீதமாவது போனுக்குச் சரியாக வந்துசேர வேண்டும் என்பது விதி. ஒரு மில்லிவாட்டை 250 கோடி பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் அந்த மைனஸ் 94!

இவ்வளவு சின்ன அளவில் கேபிள்கூட ஆளைக் கவிழ்த்துவிடும். வழியில் 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி சக்தி காலி. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நல்ல போன் ஃபெயில் ஆகும். மாறாக, ஜெனரேட்டர் காட்டுவதைவிட அதிகமாக அனுப்பினால் காது மந்தமான போன் பாஸாகி கடைக்குப் போய்விடும். டவர் பக்கத்தில் இருக்கும்வரை அதை வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. ஊர் எல்லையில் அவசரமாக ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதுதான் தெரியும்.

காற்றில் அனுப்புவார்களா?

திறந்த வெளியில் அனுப்பக் கூடாது. அந்த அலைவரிசைகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டவை. சோதனை சிக்னல் வெளியே கசிந்தால் அக்கம்பக்கத்து போன்கள் தடுமாறும். அதனால் கேபிள் மூலம் நேராக போனுக்குள் செலுத்துவார்கள், அல்லது வெளி அலைகள் நுழையாத உலோகப் பெட்டிக்குள் வைத்துச் சோதிப்பார்கள்.

ஓடும் ரயிலைக்கூட மேஜை மேலேயே கொண்டுவரலாம். 120 கி.மீ. வேகத்தில் போகும்போது, 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் வரை நகர்ந்ததுபோல் போனுக்குத் தெரியும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். இந்த நகர்வையும், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளையும் தேவையான அளவு சேர்த்து அனுப்பலாம். அடுத்த போனுக்கும் அதே ரயில், அதே வேகம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: ஜெனரேட்டருக்கே பரீட்சை. குறிப்பிட்ட இடைவெளியில் அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, இன்னும் துல்லியமான கருவியோடு ஒப்பிட்டு ‘கேலிபரேஷன்’ சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டால், அது போடும் மார்க்கை நம்ப முடியாது.