இன்ஹேலர் பழகிட்டா விட முடியாதா? உண்மையான ஆபத்து எது?

"இன்ஹேலரா? அது பழகிட்டா அப்புறம் விடவே முடியாதே!" வீசிங் இருப்பவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தப் பயத்தில் பலர், தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் இன்னொன்றை அடித்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கு.

இரண்டும் ஒண்ணா?

இல்லை. சால்பியூட்டமால் இன்ஹேலர், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைப்பது பியூடசோனைடு, ஃப்ளூட்டிகாசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள். உடனே பலன் தெரியாததால் பலர் இதைத்தான் நிறுத்துகிறார்கள். சால்பியூட்டமாலை மட்டும் நம்பினால் திடீர் மூச்சுத்திணறலும் உயிரிழப்பு அபாயமும் கூடும். அதனால்தான் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் கொடுக்கும் சிகிச்சை வேண்டாம் என்று, சர்வதேச வழிகாட்டு அமைப்பான 'ஜினா' 2019-ல் அறிவித்தது.

ஸ்டீராய்டுன்னா பயப்படணுமா?

மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் மைக்ரோகிராம் கணக்கிலேயே போதும், உடம்பில் பரவுவதும் குறைவு.

பக்கவிளைவே இல்லையா?

இருக்கு. வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம், குரல் கம்மலாம். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால், ஸ்பேசர் பயன்படுத்தினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதிக டோஸை பல வருடங்கள் எடுப்பவர்களுக்கு எலும்பு, கண் பரிசோதனை தேவைப்படலாம்.

புகைப்பழக்கத்தால் அதிகம் வரும் சிஓபிடி நோயில் கதை கொஞ்சம் வேறு. சுமார் 6,100 பேரிடம் 3 ஆண்டுகள் நடந்து, 2007-ல் வெளியான 'டார்ச்' ஆய்வில், ஃப்ளூட்டிகாசோன் எடுத்தவர்களுக்கு நிமோனியா அதிகமாக வந்தது. எனவே சிஓபிடி உள்ள எல்லோருக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரை வாங்கி அடிப்பது கூடாது.

அப்போ, விடவே முடியாதா?

இது போதைப் பழக்கம் இல்லை. நிறுத்தினால் தொல்லை திரும்புவதற்குக் காரணம், நோய் இன்னும் இருப்பதுதான். பிரஷர் மாத்திரை மாதிரிதான். நோய் சில மாதங்கள் கட்டுக்குள் இருந்தால் டாக்டரே டோஸைக் குறைப்பார். நாமாக நிறுத்தக் கூடாது.

இதைக் கவனிங்க

ஆஸ்துமா உள்ளவருக்கு வாரத்தில் 2 தடவைக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். டாக்டரைப் பார்க்க வேண்டும். அடித்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.