பிள்ளைப்பேற்றுக் கதையைக் கேட்காத பிறசர் கிளினிக்

"பிறசர் எப்ப வந்தது, அக்கா?" என்று மட்டக்குளியில் ஐம்பதை நெருங்கும் ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். "போன வருசம்தான்" என்பார். கொஞ்சம் துருவினால் பழைய கதை வரும். "ரெண்டாவது புள்ள வயித்தில இருக்கேக்க கூடினது. காலெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில மறிச்சு வச்சிருந்தாங்க. புள்ள பொறந்த பொறகு இல்லாமப் போயிட்டு." பிறசர் இல்லாமல் போனது உண்மைதான். ஆனால் அது பிற்காலத்தில் திரும்பி வரும் வாய்ப்பு அவரோடேயே இருந்தது. அதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இருதயமும் சிறுநீரகமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அவற்றுக்கு இது ஒரு பரீட்சை. 20 வாரம் கடந்த பிறகு பிறசர் 140/90க்கு மேல் ஏறி, சிறுநீரில் அல்புமினும் தெரிந்தால் அந்தப் பரீட்சையில் உடம்பு தடுமாறுகிறது என்று அர்த்தம். நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சரியாக விரியாததில் தொடங்கும் இந்தக் கோளாறு, தாயின் குழாய்களின் உட்சுவரையும் பாதிக்கிறது. இத்தகைய தாய்மாரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் திரட்டி, 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சராசரியாக 14 ஆண்டுகளில், மற்றவர்களைவிட 3.7 மடங்கு அளவில் இவர்களுக்கு நிரந்தர உயர் இரத்த அழுத்தம் வந்திருந்தது. மாரடைப்பு வகை இருதய நோயும் பக்கவாதமும் கிட்டத்தட்ட இரு மடங்கு. கர்ப்பத்தில் சீனி கூடியவர்களுக்குப் பின்னாளில் சீனி வருத்தம் வரும் சாத்தியம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2009இல் லான்செட் இதழில் வந்த இன்னொரு கணக்கு சொன்னது.

உடல் பருமனின் கதை இவ்வளவு நேரானதல்ல. பேறுகாலத்தில் ஏறும் நிறையில் ஐந்தாறு கிலோ குழந்தையோடும் நச்சுக்கொடியோடும் நீரோடும் உடனே இறங்கிவிடும். மிச்சம்தான் பிரச்சினை. முதல் பிள்ளையின் மிச்சம் கரைவதற்குள் அடுத்த பிள்ளை உண்டானால் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். தாய்ப்பால் கொடுப்பதற்கு நாளொன்றுக்கு 500 கலோரி வரை செலவாகும் என்பதால் அது ஓரளவு கைகொடுக்கும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற சுமார் 1,40,000 பெண்களிடம் எடுத்த விபரங்களின்படி, வாழ்நாளில் மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் பால் கொடுத்தவர்களுக்குப் பிறசர் வரும் சாத்தியம் 12 சதவீதம் குறைவாக இருந்தது.

அப்படியானால் இலங்கைப் பெண்கள் கொடி போல இருக்க வேண்டுமே! 2016ஆம் ஆண்டின் குடிசனவியல், சுகாதார மதிப்பீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. உலகில் பல நாடுகள் எட்டாத உயரம் இது. அதே மதிப்பீட்டில்தான் திருமணமான பெண்களில் 45 சதவீதத்தினர் அதிக நிறையோடோ பருமனோடோ இருப்பதும் பதிவாகியிருக்கிறது.

இங்கே கருப்பையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 2003இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வு, பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தாய்மாரோடு மட்டுமல்லாமல் தகப்பன்மாரோடும் பொருத்திப் பார்த்தது. பிள்ளைகள் கூடக் கூட இரு பாலாருக்கும் பருமன் கூடியது. தகப்பன் பிள்ளை பெறவில்லையே? ஆக, ஒரு பங்கு குடித்தனத்தில் இருக்கிறது. ஹேனமுல்லைப் பக்கத்துத் தொடர்மாடி வீடொன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை பிள்ளைகளை வெளிக்கிடுத்தி ஸ்கூல் வானில் ஏற்றிவிட்டு, சீனி போட்ட பால் தேத்தண்ணியும் பாணும். பகலுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும். பிள்ளைகள் தட்டில் விட்டதும் அம்மாவின் கணக்கில். லிஃப்ட் பழுதான நாளில்தான் உடற்பயிற்சி. காக்கைத்தீவில் கடற்கரைப் பூங்கா இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் நடக்கத் தோதான பின்னேரத்தில் அவர் அடுப்படியில் நிற்கிறார். போதாததற்குப் பேறு முடிந்ததும் சரக்குத்தூள், நல்லெண்ணெய், 'ரெண்டு பேருக்குச் சாப்பிடு' என்ற மாமியாரின் பாசம். பத்தியச் சாப்பாட்டில் எனக்குக் குறையில்லை. பேறு முடிந்து முப்பத்தொன்றாம் நாள் கழிந்த பிறகும் அதே அளவு தொடர்வதில்தான் குறை.

குடும்பக்கட்டுப்பாட்டு முறையும் இந்தக் கதையில் ஒரு அத்தியாயம். ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசை சிலருக்குப் பிறசரை ஏற்றும். மூன்று மாத ஊசி சிலருக்கு நிறையைக் கூட்டும். இவை ஆகாதவை என்று சொல்லவில்லை. பிறசர் பார்க்காமல் குளிசை தொடங்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் குறித்துவைக்க இந்த நாட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த ஏற்பாடு இது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் 'மிஸ்' என்று எல்லோரும் கூப்பிடும் குடும்பநல மாது பெயரைப் பதிந்து ஒரு கர்ப்பவதிப் பதிவட்டை கொடுப்பார். ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை, பிறசர், சிறுநீரில் அல்புமின், கால் வீக்கம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். பிள்ளை பிறந்து 42ஆம் நாளை ஒட்டி மிஸ் கடைசியாக வந்து பார்த்ததோடு தாயின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு கவனமெல்லாம் பிள்ளையின் தடுப்பூசியிலும் நிறையிலும். பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தை உறை போட்டு அலுமாரியில் வைக்கும் அம்மாமார், தங்கள் அட்டை எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள்.

அடுத்து அரசாங்கம் அவரைத் தேடுவது 35 வயதில். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் பிறசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். 45 வயதினருக்கும் அழைப்பு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் 24 வயதில் பிறசர் ஏறிப் பிள்ளை பெற்றவர் அதுவரை பதினொரு வருடம் எங்கே போவது? என்னைக் கேட்டால், பேறுகால அட்டையில் பிறசர், சீனி என்று எழுதப்பட்ட எல்லோரையும் வயது பாராமல் வருடமொருமுறை கூப்பிட வேண்டும். பெயரும் விலாசமும் மிஸ்ஸின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக வேண்டியது ஒரு பிறசர் பட்டியும் பத்து நிமிடமும்தான்.

அதுவரை தாய்மார் தாங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பேற்றில் பிறசர் அல்லது சீனி கூடியது, மாதத்துக்கு முன் பிறந்த பிள்ளை உண்டா, எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று எழுதிவைத்து, டொக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். இடுப்புச் சுற்றளவையும் ஒரு தையல் நாடாவால் அளந்து குறிக்கலாம். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை.

மகளுக்கும் இது உதவும். அம்மாவுக்குக் கர்ப்பத்தில் பிறசர் ஏறியிருந்தால் மகளுக்கும் அந்த ஆபத்து கூடுதல். மகள் முதல் தடவை கிளினிக் போகும்போது அம்மாவின் கதையையும் சொன்னால், 12ஆம் வாரமளவில் குறைந்த அளவு அஸ்பிரின் தொடங்குவதா என்று டொக்டர் நேரத்தோடு முடிவெடுப்பார்.